தைராய்டு கண் நோய்: முதல் சந்தேகத்திலிருந்து அறுவை சிகிச்சை வரை செய்ய வேண்டியவை

கரும்பலகையில் எழுதிவிட்டு நான் திரும்பியதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டென்று அடங்கிவிடுவார்கள். ஒரு நாள் ஒரு சிறுமி தயங்கித் தயங்கி, “டீச்சர், எங்க மேல கோபமா? எப்பப் பார்த்தாலும் முறைச்சுக்கிட்டே இருக்கீங்க” என்று கேட்டாள். நான் முறைக்கவில்லை, என் மேல் இமைகள் இறங்க மறுக்கின்றன என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது. அதற்கு முந்தைய ஏழு மாதங்களில், மருந்துக் கடையில் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து, ஒவ்வாமை என்று இரண்டு சொட்டு மருந்து, பவர் மாறிவிட்டது என்று ஒரு புதிய மூக்குக்கண்ணாடி என எல்லாவற்றையும் வாங்கி முடித்திருந்தேன். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று மாத்திரை கொடுத்து வந்த மருத்துவர் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை; கண்ணைப் பார்த்தவர்கள் தைராய்டைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த நோயில் மிகப் பெரிய இழப்பு அந்த மாதங்கள்தான். நோய் எதிர்ப்பு மண்டலம் தைராய்டு சுரப்பியைத் தாக்குவதோடு நிற்காமல், கண்ணுக்குப் பின்னால் உள்ள தசைகளையும் கொழுப்பையும் வீங்கச் செய்கிறது. கண்குழி எலும்பால் ஆனது, விரிய இடமில்லை. எனவே விழி முன்னே தள்ளப்படுகிறது, தசைகள் இறுகிப் பார்வை இரட்டிக்கிறது. இந்த அழற்சி பொதுவாக ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகள் வரை கொதிநிலையில் இருந்து, பிறகு தானாகவே அடங்கித் தழும்பாக இறுகிவிடும். அழற்சியை அடக்கும் மருந்துகள் கொதிநிலையில் இருக்கும்போதுதான் வேலை செய்யும். தோற்றத்தையும் பார்வையையும் சீராக்கும் அறுவை சிகிச்சைகளை அது அடங்கிய பிறகுதான் செய்ய முடியும். ஆகவே இன்று நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைத் தேதியோடு அறிந்து வைத்திருப்பதுதான் கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை. நான் மருத்துவர் அல்ல, திண்டுக்கல் மாவட்டத்தில் பணிபுரியும் ஒரு பள்ளி ஆசிரியை. எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. சந்தேகப்படுங்கள்

காலையில் எழும்போது இமைகள் வீங்கியிருப்பது, மணல் விழுந்தது போன்ற உறுத்தல், காற்றுப் பட்டதும் நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம், கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிதல், கண்ணை மேலே அல்லது பக்கவாட்டில் திருப்பும்போது வலி, ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் தைராய்டு கண் நோயை நினைவில் கொள்ளுங்கள். ‘மெட்ராஸ் ஐ’ பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் வடிந்துவிடும், மாதக்கணக்கில் இருக்காது. ஒவ்வாமையில் அரிப்புதான் முதன்மையாக இருக்கும். இதில் அரிப்பைவிட அழுத்தமும் உறுத்தலும் அதிகம்.

இங்கே மூன்று தவறான நம்பிக்கைகள் நிறையப் பேரைத் தாமதிக்கச் செய்கின்றன. தைராய்டு அளவு சரியாக இருந்தால் இந்த நோய் வராது என்பது முதலாவது. பெரும்பாலானவர்களுக்கு அதிகச் சுரப்போடுதான் வருகிறது என்றாலும், சுரப்பு குறைந்தவர்களுக்கும், எல்லா அளவும் சரியாக இருப்பவர்களுக்கும், தைராய்டுப் பிரச்சினை வெளிப்படுவதற்கு மாதங்கள் முன்பாகவும்கூட வரலாம். இரண்டாவது, இரண்டு கண்ணிலும் இருந்தால்தான் இது என்பது. ஒரு கண் மட்டும் முன்னே வருவதும் உண்டு, அப்போது கட்டி ஏதும் இல்லை என்பதை ஸ்கேன் மூலம் உறுதி செய்தாக வேண்டும். மூன்றாவது, பெண்களுக்குத்தான் வரும் என்பது. பெண்களுக்கு அதிகம் வருகிறது, ஆனால் ஆண்களுக்கு வரும்போது கடுமையாக வருவது வழக்கம்.

2. காத்திருக்கக் கூடாத நிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மிகச் சிலருக்கு வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரித்துவிடும். இது வலியில்லாமலும் நடக்கும், கண் அவ்வளவாகப் பிதுங்காமலும் நடக்கும் என்பதுதான் ஆபத்து. முதல் அடையாளம் பெரும்பாலும் நிறத்தில் தெரியும். ஒரு தக்காளியையோ குங்குமச் சிமிழையோ கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறி மாறிப் பாருங்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ, பார்வையில் ஒரு பகுதி இருண்டிருந்தாலோ, நாளுக்கு நாள் மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தூங்கும்போது இமை மூடாமல் கருவிழி வெளியே தெரிந்து, அதோடு கடும் வலியோ கருவிழியில் வெள்ளைப் புள்ளியோ சேர்ந்தாலும் அதேதான். சிவப்பு வெளிறுவது இரு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் தெரியாமல் போகும். நல்ல கண் மற்றதன் குறையை மூடி மறைத்துவிடும். நான் வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்தச் சிவப்புச் சோதனையைச் செய்து நாட்காட்டியில் குறித்து வந்தேன்.

3. முதல் நாளே ஒரு கோப்பைத் தொடங்குங்கள்

தைராய்டுக்கு ஒரு மருத்துவர், கண்ணுக்கு ஒரு மருத்துவர், பெரும்பாலும் இரண்டு ஊர்களில், இரண்டு மருத்துவமனைகளில் இருப்பார்கள். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்களுக்கு இடையில் ஓடும் தபால்காரர் நீங்கள்தான். தபால்பை இந்தக் கோப்பு. அதில் இருக்க வேண்டியவை:

முதலாவது, பழைய புகைப்படங்கள். நோய் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் நேராகப் பார்த்து எடுத்த, கண்ணாடி அணியாத படங்கள். கண் எப்போது, எவ்வளவு மாறியது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. திருமண ஆல்பம் எல்லாம் வேண்டாம், பணி அடையாள அட்டைக்கு எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படமே போதும். அதன்பின் மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், நேராகவும் இரு பக்கவாட்டிலும் படம் எடுத்து அச்சிட்டுச் சேருங்கள்.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை அட்டவணை. ஆய்வக அறிக்கைகளைக் கட்டாகக் கொடுத்தால் யாருக்கும் புரட்ட நேரமில்லை. ஒரே தாளில் தேதி, டி.எஸ்.ஹெச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4, டி3 (இரண்டும் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள்), அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையின் அளவு என்று ஐந்து பத்திகள் போட்டு நிரப்பி வாருங்கள். என் கோப்பில் மருத்துவர்கள் உண்மையிலேயே படித்த ஒரே பக்கம் இதுதான்.

இவற்றோடு எல்லா மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் அறிக்கை மட்டுமல்லாமல் ஸ்கேன் குறுந்தகடு, சர்க்கரை, இரத்த அழுத்தம், மஞ்சள் காமாலை, காசநோய் ஆகியவை இருந்திருந்தால் அவற்றின் குறிப்புகள், ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்கள் இருக்கட்டும். கட்டண ரசீதுகளைத் தனி உறையில் போடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீதுகள் ஆறே மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும் என்பதால் அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. இரத்தப் பரிசோதனைகளைச் சரியாகச் செய்யுங்கள்

முதல் சுற்றில் டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4, டி3 ஆகிய மூன்றும் வேண்டும். டி.எஸ்.ஹெச். மட்டும் பார்ப்பது சிகிச்சையின் தொடக்கத்தில் போதாது. சுரப்பு கட்டுக்குள் வந்த பிறகும் அது பல மாதங்கள் அடங்கியே கிடக்கும், அதை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் சுரப்பு அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். சுரப்பு அதிகமானாலும் மிகக் குறைந்தாலும் கண் மோசமாகும். எனவே தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை பார்த்து, அளவை நடுவில் நிறுத்துவதுதான் நோக்கம்.

நான்காவதாக, டி.எஸ்.ஹெச். ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. ஆய்வகங்களில் ‘டிராப்’ என்று சொன்னால் புரியும். கண் நோயோடு நேரடித் தொடர்புள்ளது இதுதான். சிறிய ஊர்களில் மாதிரியை எடுத்துப் பெருநகரத்துக்கு அனுப்புவார்கள், முடிவு வர நான்கைந்து நாள் ஆகும். நான் 2023இல் முதல் மூன்றுக்கும் சேர்த்து 550 ரூபாயும் இதற்கு மட்டும் 3,200 ரூபாயும் கொடுத்தேன். இதை மாதா மாதம் செய்யத் தேவையில்லை. மருத்துவர் கேட்கும்போது மட்டும் போதும்.

தைராய்டு கோளாறில் முடி கொட்டும். முடி கொட்டினால் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவோம். அந்த பயோட்டின் பல ஆய்வகங்களில் தைராய்டு முடிவுகளையே குழப்பி, சுரப்பு அதிகமாக இருப்பது போலப் பொய்யாகக் காட்டக்கூடும். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். என் மாத்திரை அளவு ஒரு முறை தேவையில்லாமல் கூட்டப்பட்டதற்குக் காரணம் இந்த முடி மாத்திரைதான் என்பது பின்னர்தான் தெரிந்தது.

5. சரியான கண் மருத்துவரைத் தேடுங்கள்

கண்புரை பார்க்கும் மருத்துவரோ விழித்திரை நிபுணரோ இதற்கு உரியவர் அல்லர். கண்குழி, இமை, கண்ணீர்ப்பை ஆகியவற்றைப் பார்க்கும் பிரிவுக்கு ‘ஆர்பிட் மற்றும் ஆக்குலோபிளாஸ்டி’ என்று பெயர். பதிவு செய்யும் இடத்திலேயே, “தைராய்டினால் கண் வீங்கியிருக்கிறது, ஆர்பிட் பிரிவில் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் பொதுப் பிரிவில் அரை நாள் உட்கார்ந்து, பிறகு வேறொரு நாள் வரச் சொல்வார்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை போன்ற பெரிய மையங்கள், சென்னை சங்கர நேத்ராலயா, வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் இந்த நோய்க்கான சிகிச்சை கிடைக்கிறது. வேலூரில் ஒரு வசதி, நாளமில்லாச் சுரப்பிகளுக்கான எண்டோகிரைன் துறையும் அதே நிறுவனத்தில் இருக்கிறது.

முதல் நாளுக்கு முழு நாளை ஒதுக்குங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பார்வை, நிறப் பார்வை, கண் அழுத்தம், பார்வைப் புலம், கண் அசைவு எல்லாம் பார்த்த பிறகு கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் கிட்டத்தில் எழுத்துத் தெரியாது, வெயிலில் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. கையெழுத்திட வேண்டிய படிவங்களை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஸ்கேன் எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் கண்குழிக்கான சாதாரண சி.டி. ஸ்கேன் போதுமானது. தசைகளின் தடிப்பையும் பார்வை நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதில் பார்க்கலாம். சில ஸ்கேன்களில் படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியாகச் செலுத்தும் வண்ண மருந்தில் அயோடின் இருக்கும், அது தைராய்டைக் குழப்பும். ஸ்கேன் மையத்தில் வழக்கம்போல அதைச் சேர்க்கப் போனால், உங்களுக்குத் தைராய்டு நோய் இருப்பதைச் சொல்லி, மருத்துவர் கேட்டிருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். தனியார் மையத்தில் எனக்கு 3,500 ரூபாய் ஆனது.

6. மதிப்பெண்ணையும் அளவையும் எழுதி வாங்குங்கள்

‘கொஞ்சம் வீக்கம் இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்ற வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். இரண்டு எண்களைக் கேட்டு, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்று, அழற்சியின் மதிப்பெண். விழிக்குப் பின்னே தானாக எழும் வலி, கண்ணைத் திருப்பும்போது வலி, இமை வீக்கம், இமைச் சிவப்பு, வெண்விழிச் சிவப்பு, வெண்விழியின் மேற்படலத்தில் நீர் கோத்தல், மூக்கோரம் உள்ள சதைமணியின் வீக்கம் என ஏழு குறிகளுக்குத் தலா ஒரு மதிப்பெண். ஏழுக்கு மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நோய் கொதிநிலையில் இருக்கிறது என்று பொருள். எனக்கு முதல் முறை நான்கு.

மற்றொன்று, விழி எவ்வளவு முன்னே வந்திருக்கிறது என்று மில்லிமீட்டரில் சொல்லும் ஹெர்ட்டல் அளவு; ஹெர்ட்டல் என்பது அதை அளக்கக் கண்ணுக்கு முன்னே பிடிக்கும் கருவி. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக ஓர் எண்ணும், கருவியின் கால்களுக்கு இடையே உள்ள அகலமாக மூன்றாவது எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறை வேறொரு மருத்துவர் வேறு அகலத்தில் வைத்து அளந்தால் ஒப்பிட முடியாது. இரண்டு மில்லிமீட்டர் மாற்றம் என்பது பொருட்படுத்த வேண்டிய மாற்றம். இந்த மூன்று எண்களும் பின்னால் காப்பீட்டுக்காரர்களிடம் வாதாடும்போது எனக்குக் கை கொடுத்தன; அதைப் பத்தாம் படியில் சொல்கிறேன்.

7. அன்றாடப் பராமரிப்பை அன்றே தொடங்குங்கள்

லேசான நோய்க்குப் பலருக்கு இதுவே போதும். கடுமையான நோயிலும் இது இல்லாமல் முடியாது. பகலில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற கண்ணீர்ச் சொட்டுகள், இரவில் கெட்டியான ஜெல் அல்லது களிம்பு. நாளுக்கு ஐந்தாறு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் இல்லாத வகையைக் கேளுங்கள். விலை அதிகம், ஆனால் மற்றதை அடிக்கடி விட்டால் அதுவே கண்ணை எரிய வைக்கும். இமை மூடாதவர்கள் மைக்ரோபோர் டேப்பால் மேல் இமையைக் கன்னத்தோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு படுக்கலாம். இதை முதல் முறை கண் மருத்துவமனைச் செவிலியர் காட்ட, பார்த்துச் செய்யுங்கள்; சரியாக ஒட்டாவிட்டால் டேப்பே கருவிழியை உராயும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் காலை வீக்கம் குறையும். வெளியே போகும்போது பக்கவாட்டையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள்.

எங்கள் அத்தை குளிர்ச்சி என்று தினமும் நந்தியாவட்டைப் பூ பறித்து வந்து கொடுத்தார். மூடிய இமையின் மேல் ஈரப் பூவை வைத்துக்கொண்டேன், அவருக்கும் திருப்தி. ஆனால் பூச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். சிவப்பை உடனே போக்கும் என்று கடையில் தரும் சொட்டுகளையும் ஸ்டீராய்டு கலந்த சொட்டுகளையும் தாமாக வாங்கக் கூடாது; பின்னது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

புகை பிடிப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். இந்த நோய் வருவதையும் முற்றுவதையும் பலமடங்கு கூட்டுவதும், கொடுக்கும் மருந்தின் பலனைக் குறைப்பதும் சிகரெட்டும் பீடியும்தான். வீட்டில் மற்றவர் பிடிக்கும் புகையையும் வெளியே அனுப்புங்கள்.

செலினியம் மாத்திரையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். நோய் லேசாகவும் புதிதாகவும் இருக்கும்போது 100 மைக்ரோகிராம் வீதம் தினம் இரு வேளை, ஆறு மாதம் எடுத்தவர்களுக்குப் பலன் இருந்ததாக 2011இல் ஐரோப்பாவில் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் அங்கே உணவில் செலினியம் குறைவு. எனவே மருத்துவர் சொன்னால், சொன்ன அளவில், ஆறு மாதம் மட்டும். கூடினால் அதுவே நஞ்சு.

இரட்டைப் பார்வை இருந்தால் இரு சக்கர வாகனத்தை நிறுத்திவிடுங்கள். எதிரே வரும் இரண்டு பேருந்துகளில் எது உண்மையானது என்று சாலையில் வைத்துத் தீர்மானிக்க முடியாது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒளி ஊடுருவாத டேப் ஒட்டினால் இரட்டிப்பு மறையும். இரண்டு உருவங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும், கண்ணாடியில் ஒட்டிக் கழற்றக்கூடிய பிரிசத் தாளும் உண்டு. நோய் அடங்கும்வரை அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், விலையுயர்ந்த புதுக் கண்ணாடியை இந்தக் கட்டத்தில் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், நான் வீணாக்கினேன்.

8. ஸ்டீராய்டு ஊசி என்றால் பன்னிரண்டு வாரங்களைத் திட்டமிடுங்கள்

மிதமானது முதல் கடுமையானது வரை உள்ள நோய் கொதிநிலையில் இருந்தால், பரவலாகப் பின்பற்றப்படும் முறை மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை வாரம் ஒரு முறை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவது. முதல் ஆறு வாரம் 500 மி.கி., அடுத்த ஆறு வாரம் 250 மி.கி., மொத்தம் நாலரை கிராம். சிலருக்கு இதோடு நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையும் சேர்ப்பார்கள். தினமும் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையைவிட வாராந்திர ஊசி பொதுவாக நன்றாக வேலை செய்கிறது, பக்கவிளைவும் குறைவு. பார்வை நரம்பு நெரிபட்டவர்களுக்கு முறை வேறு: முதல் வாரத்திலேயே அதிக அளவில் சில நாட்கள் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லையென்றால் உடனடியாக அறுவை சிகிச்சைக்குப் போவார்கள்.

ஊசிக்கு முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், கல்லீரல் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, நம் ஊரில் கட்டாயம் காசநோய்க்கான பரிசோதனை ஆகியவற்றை முடிக்க வேண்டும். அடங்கிக் கிடக்கும் தொற்றை ஸ்டீராய்டு எழுப்பிவிடும் என்பதே காரணம். இவற்றை ஒரே நாளில் செய்து முடித்தால் ஒரு வாரம் மிச்சமாகும். சிகிச்சை நடக்கும்போதும் கல்லீரலையும் சர்க்கரையையும் அவ்வப்போது பார்ப்பார்கள்.

ஊசி போடும் நாளில் காலை உணவு சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மருந்து மெதுவாக, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும்; கூட்டம் அதிகம் என்று அரை மணியில் ஏற்றப் பார்த்தால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, நெஞ்சு படபடப்பு வருவது நமக்குத்தான், அவர்களுக்கு அல்ல. அன்றிரவு தூக்கம் வராது, முகம் சிவக்கும், மறுநாள் உடல் தளர்ந்துபோகும். நான் வெள்ளிக்கிழமைகளைத் தேர்ந்தெடுத்ததால் பன்னிரண்டு நாள் விடுப்போடு தப்பித்தேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று நாள் சர்க்கரை ஏறும், மருந்தளவை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆறு வாரம் மருந்து, சலைன், பகல்நேரப் படுக்கை எல்லாம் சேர்த்து வாரம் 2,300 ரூபாய், அடுத்த ஆறு வாரம் 1,700 ரூபாய், ஆக மொத்தம் 24,000 ரூபாய் எனக்குச் செலவானது.

ஆறாவது வாரம் மதிப்பெண்ணையும் அளவையும் மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். பலன் இல்லாதபோது இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை; ஒரு சுற்றில் மொத்தம் எட்டு கிராமுக்கு மேல் கல்லீரலுக்கு ஆபத்து. வலியும் சிவப்பும்தான் முதலில் குறையும், பிதுக்கம் அவ்வளவாகக் குறையாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. பிதுக்கத்தையே கணிசமாகக் குறைக்கும் டெப்ரோடுமுமாப் என்ற மருந்தை அமெரிக்காவில் 2020 ஜனவரியில் அனுமதித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு ஊசி. அதன் விலை நம்மைப் போன்ற குடும்பங்கள் நினைத்துப் பார்க்கக்கூடியது அல்ல, செவித்திறனைப் பாதிக்கவும் கூடும்.

9. தைராய்டு மருத்துவரிடம் கண்ணைப் பற்றிப் பேசுங்கள்

சுரப்பைக் கட்டுப்படுத்த மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என மூன்று வழிகள் உள்ளன. இவற்றில் கதிரியக்க அயோடின் சிலருக்கு, குறிப்பாகப் புகை பிடிப்பவர்களுக்கு, கண் நோயை மோசமாக்கக்கூடும். கண் கொதிநிலையில் இருக்கும்போது பொதுவாக அதைத் தவிர்ப்பார்கள். லேசான நோயில் கொடுப்பதென்றால் கூடவே சில வாரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். ‘ஒரே டோஸில் முடிந்துவிடும்’ என்று தேதி குறிக்கப்பட்டால், கண் மருத்துவரின் மதிப்பெண் எழுதிய சீட்டைக் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். எனக்கு அப்படித் தேதி குறித்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு அவர்களே தள்ளி வைத்தார்கள்.

சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்த வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அரிதாக அது அபாயமாகச் சரிந்துவிடும். குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மாத்திரையையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

10. பணத்துக்கான தாள்களை முன்கூட்டியே சேருங்கள்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, குடும்பத்தினரின் ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கடந்து வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். கட்டணம் 60 ரூபாய். அறுவை சிகிச்சைத் தேதி வந்த பிறகு இதற்கு அலையாமல், நோய் உறுதியான வாரத்திலேயே அட்டையை வாங்கிவிடுங்கள். எல்லாச் சிகிச்சையும் இதில் வராது; உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை சிகிச்சையின் பெயரை எழுதிக் கொண்டுபோய், மருத்துவமனையில் உள்ள திட்டத்தின் மேசையிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

தனியார் காப்பீட்டிலோ சம்பளத்தில் பிடிக்கும் காப்பீட்டிலோ மூன்று இடத்தில் இடறுவீர்கள். வெளிநோயாளியாகச் செய்த பரிசோதனைகள் பொதுவாகக் கிடைக்காது. வாராந்திர ஊசிக்கு ஓரிரவு தங்கவில்லையே என்று மறுப்பார்கள். பகல்நேரச் சிகிச்சையாக முன் அனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவதுதான் பெரியது: இமை அறுவையையும் கண்குழி அறுவையையும் ‘அழகு சிகிச்சை’ என்று சொல்லித் தள்ளுவார்கள். எனக்கும் முதல் கடிதம் அப்படித்தான் வந்தது. இதை முறியடிக்க மருத்துவரின் கடிதத்தில், தூக்கத்தில் இமை எத்தனை மில்லிமீட்டர் மூடாமல் இருக்கிறது, கருவிழியில் என்ன சேதம், ஹெர்ட்டல் அளவு, இரட்டைப் பார்வை எந்தெந்தத் திசையில் ஆகியவை எண்களோடு இருக்க வேண்டும். ‘தோற்றம்’ என்ற சொல் ஓரிடத்திலும் வரக் கூடாது. அந்தக் கடிதத்தையும் பழைய புகைப்படங்களையும் சேர்த்து மேல்முறையீடு செய்தபின் பத்தொன்பதாம் நாள் அனுமதி வந்தது. நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ மீண்டும் மறுத்தாலோ, தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, ஓராண்டுக்குள் போக வேண்டும். புதிதாகக் காப்பீடு எடுப்பவர்கள் நோயை மறைக்காதீர்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024இல் குறைத்திருக்கிறார்கள். மறைத்தால் அதுவும் போய்விடும்.

11. அறுவை சிகிச்சையின் வரிசையை மாற்ற விடாதீர்கள்

பார்வை நரம்போ கருவிழியோ ஆபத்தில் இருந்தால் வரிசையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. மற்றபடி, நோய் அடங்கி, அளவுகள் குறைந்தது ஆறு மாதம் மாறாமல் இருந்த பிறகுதான் கத்தியை எடுப்பார்கள். மாதா மாதம் நீங்கள் எடுத்து வைத்த படங்களும் குறித்து வைத்த எண்களும் இங்கேதான் பேசும்.

முதலில் கண்குழியின் எலும்புச் சுவரையோ கொழுப்பையோ குறைத்து விழியை உள்ளே இறக்குவது, அடுத்து இரட்டைப் பார்வைக்கான தசை அறுவை, கடைசியாக இமை. முதல் அறுவை தசைகளின் நிலையை மாற்றி இரட்டைப் பார்வையை உண்டாக்கலாம் அல்லது கூட்டலாம். தசை அறுவை இமையின் உயரத்தை மாற்றலாம். முறைத்த பார்வைதான் மற்றவர் கண்ணில் படுகிறது என்பதால் இமையை முதலில் சரிசெய்யச் சொல்லி நானே கெஞ்சினேன். மருத்துவர் மறுத்தது நல்லதாயிற்று, ஏனென்றால் தசை அறுவைக்குப் பின் என் வலது இமை தானாகவே ஒரு மில்லிமீட்டர் இறங்கியது. எல்லாருக்கும் மூன்றும் தேவைப்படாது. எனக்கு முதலாவது தேவைப்படவில்லை. தேவைப்படுபவர்கள் ஒவ்வொன்றுக்கும் இடையே சில மாதங்கள் விட வேண்டும் என்பதால், மொத்தத்துக்கும் ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். திருமணம், இடமாறுதல், பிள்ளைகளின் பொதுத் தேர்வு ஆகியவற்றை இதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சுவரை எடுக்கப் போகிறீர்கள், புதிதாக இரட்டைப் பார்வை வர எவ்வளவு வாய்ப்பு, திருத்த அறுவை தேவைப்பட்டால் கட்டணம் தனியா. கடைசிக் கேள்விக்குப் பதிலைக் கட்டண மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எதைச் சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். தைராய்டு அளவு அறுவைக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்க மருந்து மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கண்ணாடி எழுத வேண்டியது இதற்கெல்லாம் பிறகு, கடைசி அறுவை முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில். கோப்பை அதன்பின்பும் பரணில் போடாதீர்கள்: சுரப்பு மறுபடி ஏறினாலோ, தைராய்டுக்கு வேறு சிகிச்சை முடிவானாலோ, கண் நோய் சிலருக்குத் திரும்பும். இப்போது நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டும், ஆண்டுக்கு ஒரு முறை ஆர்பிட் பிரிவிலும் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தக்காளிச் சோதனை மட்டும் சமையலறையில் இன்னும் தொடர்கிறது.